வைத்தியனுக்கு நிழல் கிடையாது

எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தும் மை போகவில்லை. ஞானபாக்கியம் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கணவனின் வலதுகை நடுவிரலை மறுபடியும் துடைத்தாள். நகத்தோரம் கறுப்பு அப்படியே இருந்தது.

"விடு யக்கா, கையில உறை மாட்டத்தான போறாவ" என்றாள் அடுத்த வீட்டு உலகம்மை.

ஞானபாக்கியம் கேட்காத மாதிரி இன்னும் கொஞ்சம் துடைத்துவிட்டுத்தான் கையைக் கீழே வைத்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் மரக்கடையில் பில் எழுதிவிட்டு, எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்து மேலகரம் வந்து சேர்ந்தவர் தங்கசாமி. நெஞ்சு பிடித்த மாதிரி இருக்கிறது என்று வெந்நீர் கேட்டார். பாதி டம்ளர்தான் குடித்தார். வாடகைக் கார் பிடித்து தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடியுமுன் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்து மூன்று. நாலு மணிக்கு அடக்கம் என்று குருவானவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பத்து மணிக்கெல்லாம் தெருவில் சைக்கிள்கள் நிற்க ஆரம்பித்தன. மரக்கடை ஆட்கள், சபைக்காரர்கள் தவிர, ஞானபாக்கியத்துக்கு முகம் தெரியாதவர்களும் வந்தார்கள். இலத்தூரிலிருந்து ஒரு வாத்தியார், செங்கோட்டையிலிருந்து இரண்டு கல்லூரிப் பையன்கள், குற்றாலத்தில் துண்டும் எண்ணெயும் விற்கிறவர்கள். எல்லாரும் 'ஏழாம் கணவாய்' படிக்கிறவர்கள்.

மதுரையிலிருந்து வருகிற வாரப் பத்திரிகையில் தங்கசாமி எழுதி வரைந்த படக்கதை அது. வாரம் இரண்டு பக்கம். எழுபத்து நாலில் தொடங்கியது, பதினோரு வருஷம் ஆகியும் முடியவில்லை. மலைக் கணவாயில் ஒரு வைத்தியன் வருவான். அவனுக்கு மட்டும் நிழல் கிடையாது. அவன் யார், ஏன் நிழல் இல்லை என்பதுதான் கதையின் பெரிய முடிச்சு. அறுநூறாவது வாரம் சொல்லிவிடுவேன் என்று பொங்கல் இதழில் தங்கசாமி வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது ஐநூற்றுத் தொண்ணூற்றாறு.

பந்தலுக்குள் முதலில் மெதுவாகத்தான் பேசினார்கள். பிறகு குரல் ஏறிவிட்டது. வைத்தியன் செத்துப்போனவன், அதனால்தான் நிழல் இல்லை என்றார் வாத்தியார். செத்தவன் எப்படி கஞ்சி குடிப்பான் என்று கேட்டான் ஒரு பையன். மூன்றாவது வாரத்திலேயே அவன் விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான், அப்போதே அண்ணாச்சி ஜாடை காட்டிவிட்டார் என்றார் தென்காசியில் குடைக்கடை வைத்திருக்கும் பரீது. இழவு வீடு என்று யாரோ அதட்டியதும் அடங்கினார்கள். கொஞ்ச நேரம்தான்.

பரீது தலைமாட்டுக்கு வந்து நின்று பார்த்துவிட்டு, ஞானபாக்கியத்தின் பக்கத்தில் குந்தினார்.

"யக்கா, தப்பா நெனைக்காதிய. இப்பம் கேக்கக் கூடாதுதான். எங்க உம்மா மௌத்தாகுறதுக்கு முந்தின வாரங்கூட, ஏலே அந்த வைத்தியன் யாருன்னு தெரிஞ்சிச்சான்னு கேட்டா. அண்ணாச்சி உங்கள்ட்ட ஏதும் சொல்லியிருக்காவளா?"

அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை வந்து பேசவில்லை என்று நினைத்து அவர் எழுந்து போய்விட்டார்.

உண்மையில் அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அந்த வைத்தியனுக்கு ஏன் நிழல் இல்லை என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தங்கசாமி பென்சிலில் வரைந்து, கோட்டுக்கு மை போட்டுத் தருவார். கறுப்பு அடைக்க வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து பிரஷ்ஷால் நிரப்புவது அவள் வேலை. காய்ந்ததும் ரப்பரால் பென்சிலை அழித்துவிட்டு, உறையில் போட்டு தென்காசி ஸ்டேஷனில் தபாலில் சேர்ப்பார்கள்.

முப்பத்தோராவது வாரம் வந்தபோது, பிறந்து நாலு நாள் இருந்த பிள்ளையை அடக்கம் பண்ணி ஒன்பது நாள் ஆகியிருந்தது. படுத்தே கிடந்தவள் அன்றுதான் எழுந்து, நானே அடைக்கிறேன் என்று உட்கார்ந்தாள். வைத்தியனின் காலடியில், தரையில் நீளமாகக் கிடந்த நிழலில் ஒரு குறி இருந்தது. அன்றைக்கு அவளுக்கு அது பெருக்கலாகத் தெரியவில்லை, சிலுவையாகத் தெரிந்தது. அதன்மேல் கறுப்பை வைக்க அவள் கை போகவில்லை. பிறகு வைக்கலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் பக்கம் முழுக்க ரப்பரை ஓட்டியபோது குறியும் போய்விட்டது, நிழலின் பென்சில் கோடும் போய்விட்டது.

அது அச்சாகி இரண்டு வாரம் கழித்து வாசகர் கடிதங்கள் கட்டாக வந்தன. எல்லாரும் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள். தங்கசாமி சிரித்துக்கொண்டே அவளுக்குப் படித்துக் காட்டினார். "கண்டுபிடிச்சுட்டானுவ பாத்தியா, சரியான பயலுவ" என்றார். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. நிழல் வரைந்ததையே அவர் மறந்துவிட்டார், அது இல்லாததை இப்போது தானே யோசித்ததாக நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். அதற்குள் கதை அந்த நிழலைப் பிடித்துக்கொண்டு மலையேறிவிட்டது. செண்பகாதேவி அருவிக்கு மேலே போய் அந்தக் கணவாயைத் தேடுகிற அளவுக்கு ஆட்கள் வந்த பிறகு, அது என் கைப்பிழை என்று எந்த வாயால் சொல்லுவாள்? கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் "போகப்போகத் தெரியும்" என்றே சொல்லிவந்தார். அவளும் ஒருமுறை கேட்டாள். அவளுக்கும் அதே பதில்தான்.

அடக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் மதுரையிலிருந்து உதவி ஆசிரியர் கல்யாணராமன் பஸ்ஸில் வந்து இறங்கினார். இத்தனை வருஷத்தில் அவளும் அவரும் பார்த்துக்கொண்டது அன்றுதான். மாலையைப் போட்டுவிட்டு, கல்லறைத் தோட்டம் வரைக்கும் பெட்டிக்குப் பின்னாலேயே நடந்தார். மண் போட்டு முடிகிற வரைக்கும் மழை விட்டுக்கொடுத்தது.

வீட்டுக்குத் திரும்பி, கூட்டம் கலைந்த பிறகு, பந்தலில் அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பரீதுவும் இன்னும் நாலைந்து பேரும் போகாமல் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"அம்மா, இன்னிக்கே பேச வேண்டியிருக்கு, மன்னிச்சுக்குங்க. ஐநூற்றுத் தொண்ணூற்றெட்டு வரைக்கும் எங்க கையில வந்துடுத்து. அதுக்கு மேல சார் ஏதாவது எழுதி வெச்சிருக்காரா?"

இல்லை என்று தலையாட்டினாள். மேஜையில் வெள்ளைத்தாள்தான் இருந்தது.

அவர் விஷயத்தைச் சொன்னார். முடிவு தெரியாவிட்டால் அப்படியே நிறுத்திவிட்டு, கறுப்புக் கட்டம் போட்டு அஞ்சலி எழுதச் சொல்லியிருக்கிறார் முதலாளி. ஆனால் அப்படி நிறுத்தினால், அவருக்கே ஒன்றும் தெரியாது, பதினோரு வருஷம் சும்மா ஓட்டினார் என்று வாசகர்கள் சொல்லிவிடுவார்கள்.

"அது பொய்யின்னு எனக்குத் தெரியும். அதைக் காட்டத்தான் இதைத் தேடி எடுத்துண்டு வந்தேன்" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய இன்லண்டு கடிதத்தை எடுத்தார். "அப்ப நான் வேலைக்குப் புதுசு. முப்பத்தோராவது வாரம் அச்சானப்பறம்தான் கவனிச்சேன். கறுப்பு அடைக்கிறவங்க கவனமில்லாம விட்டுட்டாங்க, இனிமே அந்த வேலையை இங்கயே பசங்களை வெச்சுப் பாத்துக்கறோம்னு கொஞ்சம் கடுமையாத்தான் எழுதிட்டேன். அதுக்கு அவர் போட்ட பதில் இது. வாசகர் ஒருத்தர்கூட கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே எழுதினது. தேதியைப் பாருங்க."

அவள் வாங்கிப் பிரித்தாள். பில் எழுதுகிற அதே குண்டுக் கையெழுத்து.

'அது பிழையல்ல. வைத்தியனுக்கு நிழல் கிடையாது. காரணம் போகப்போகத் தெரியும். கறுப்பு வேலை எப்போதும்போல என் வீட்டிலேயே நடக்கும். வேறு ஏற்பாடு வேண்டாம்.'

கீழே தேதியும் கையெழுத்தும். வேறு ஒன்றும் இல்லை.

இரண்டாம் தடவை படித்தாள். கடைசி இரண்டு வரிகளை மட்டும் மூன்றாம் தடவை படித்தாள்.

"பாத்தேளா, அன்னிக்கே முடிவை வெச்சுண்டுதான் எழுதியிருக்கார்" என்றார் கல்யாணராமன். "இதை அப்படியே படம் எடுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்."

"இதப் போடாண்டாம் சார்."

"ஏம்மா?"

"அதான் முடிவே வருதே, பொறவு எதுக்கு" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எங்கிட்ட எல்லாஞ் சொல்லிட்டுத்தான் போயிருக்காவ. மூணு வருசமா மரமும் பாறையும் நாந்தான் போடுதேன், அவியளுக்குக் கண்ணு மங்கிட்டு. மிச்ச ரெண்டு வாரமும் நான் போட்டு அனுப்புதேன்."

கல்யாணராமன் அவளையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் திறந்தார்.

"கொஞ்சம் சொல்லுங்களேன். என்ன காரணம்?"

"தாள்ல வரும் சார்."

அவர் பேனாவை மூடிவிட்டார். ஆறரை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. கடிதத்துக்காகக் கையை நீட்டினார். அவள் அதை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள், கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

பரீதுவால் மட்டும் பொறுக்க முடியவில்லை. செருப்பை மாட்டியவர் திரும்பி வந்தார்.

"யக்கா, கதையக் கேக்கல. ஒரே ஒரு வார்த்த. அந்த வைத்தியன் நல்லவனா, கெட்டவனா?"

ஞானபாக்கியம் வாசல் பக்கம் பார்த்தாள். தெருவில் சாரல் விழ ஆரம்பித்திருந்தது.

"நல்லவந்தான்" என்றாள்.

பரீது தலையை ஆட்டிக்கொண்டே போனார். வாத்தியாரிடம் அதைச் சொல்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

வாடகைக் கடைப் பையன்கள் மழை வலுக்குமுன் நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவள் உட்கார்ந்திருந்தது ஒன்றுதான் மிச்சம். பையன்களில் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். அவள் தரையைப் பார்த்தபடி, நடுவிரலால் முழங்கால்மேல் எதையோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, நாளைக்கு வந்து எடுத்துக்கிடலாம் என்று மற்றவனிடம் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளினான்.