மரத்துக்கு அந்தப் பக்கத்துக் கை

சில்யேயின் பெயர் அமெரிக்கா வந்த முதல் வாரத்திலேயே சில்லி ஆகிவிட்டது. அது டெஸ்ஸாவின் வேலை. ஆறு வயதுக் குழந்தையின் வாயில் டென்மார்க்காரப் பெயர் நுழையவில்லை. சில்லி என்றால் அவர்கள் பேச்சில் அசடு. "நான் டெஸ்ஸா, நீ அசடு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். சில்யேயும் சிரித்துக்கொள்வாள். அந்த வீட்டில் சிரிக்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

வீடு மின்னசோட்டாவின் வடக்குக் கோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் ஒரு சரிவு, சரிவு முடிந்தால் தண்ணீர். வீட்டோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது சில்யேயின் வேலை. டெஸ்ஸாவின் அப்பா ட்ராய் ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர். அம்மா க்ரெச்சன் பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளர். மாடியில் ஒரு அறை பூட்டியே கிடந்தது. அது டெஸ்ஸாவின் அண்ணன் கேலப்பின் அறை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பரில், ஏரி சரியாக உறைவதற்குள் அந்தப் பையன் பனிக்கட்டிமேல் நடந்து போய் மூழ்கிவிட்டான். எட்டு வயது. எதற்காகப் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. சில்யே வந்த புதிதில் ட்ராய் லாரியைக் கழுவிக்கொண்டே இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "அவகிட்ட இதப் பத்திப் பேசாத" என்றார். கேலப் போன பிறகு அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கவில்லை.

டிசம்பர் பிறந்ததும் சில்யேக்கு ஊர் நினைப்பு தாங்கவில்லை. போனில் அம்மா பேசும்போது பின்னால் அடுப்புத் தட்டு நகர்கிற சத்தம் கேட்கும். தம்பிகள் பிஸ்கட்டுக்குச் சண்டை போடுவது கேட்கும். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதுகொண்டிருந்தவளை க்ரெச்சன் பார்த்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. எங்க வீட்ல இப்போ மரத்துக்கு ஜோடிக்கற காகித இதயமெல்லாம் பண்ணிட்டிருப்பாங்க."

க்ரெச்சன் துணியை எடுத்து ஒரு தட்டைத் துடைத்து வைத்தாள். பிறகு, "சரி. ஒரு மரம் வைப்போம். உங்க ஊர் மாதிரியே" என்றாள்.

ட்ராய்க்கு நம்ப முடியவில்லை. மனைவி மனம் மாறுவதற்குள் என்று அன்றைக்கே காட்டுக்குப் போனார். சந்தோஷத்தில் அளவு தெரியாமல், கூரையை முட்டுகிற மாதிரி ஒன்றை வெட்டி இழுத்து வந்துவிட்டார். கிளைகள் அகலம் அகலமாக விரிந்து கூடத்தையே அடைத்துக்கொண்டன. சோபாக்களைச் சுவரோரம் தள்ளி, மரத்தை நட்டநடுவில் நிறுத்தினார்கள். சில்யேயின் ஊர் வழக்கப்படி கிளைகளில் நிஜ மெழுகுவத்திகள். ட்ராய் இரண்டு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தார்.

"வீடு எரிஞ்சா உன் சம்பளத்துல பிடிச்சுக்குவேன், பாத்துக்க."

"அப்போ நூறு வருஷம் இங்கேயே இருக்கணும் நான்."

"இருந்துட்டுப் போ சில்லி!" என்று குதித்தது டெஸ்ஸா.

டென்மார்க்கில் இருபத்து நான்காம் தேதி மாலைதான் பண்டிகை. அன்று சில்யே வாத்து வறுத்தாள். பாலில் வெந்த அரிசியை க்ரீமோடு கலந்து, அதில் ஒரே ஒரு முழு பாதாமை ஒளித்து வைத்தாள்; அது அகப்படுகிறவருக்குப் பரிசு. அது ட்ராயின் பல்லில் அகப்பட்டது. "பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறவ புருஷனுக்குத்தான் வரணுமா இது?" என்று அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டபோது க்ரெச்சன்கூட உதட்டோரம் லேசாகச் சிரித்தாள். வெளியே அப்போதே இருட்டிவிட்டது. அந்தப் பக்கத்தில் மாலை நாலரைக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும்.

சாப்பிட்டதும் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மெழுகுவத்திகளை ஏற்றினார்கள். கைகோத்து மரத்தைச் சுற்றிப் பாட வேண்டும். மெதுவான பாட்டுகளில் ஆரம்பித்து, கடைசிப் பாட்டில் வளையத்தை அவிழ்த்து, சங்கிலியாக ஒருவர் பின் ஒருவர் வீடு முழுக்க ஓடுவார்கள். பாட்டு முடிந்ததும் கையை விட்டு, வளையத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டும். சில்யே இதை விளக்கிவிட்டு வலது கையை டெஸ்ஸாவிடம் கொடுத்தாள். டெஸ்ஸாவின் மறு கையை ட்ராய் பிடித்தார். ட்ராயின் மறு கையை க்ரெச்சன் பிடித்தாள். அதற்குள் மரம் அவளை மறைத்துவிட்டது. இவ்வளவு பெரிய மரத்தை நாலு பேரால் வளைக்க முடியாது என்று சில்யேக்குத் தெரிந்தே இருந்தது. பரவாயில்லை, பாதி வளையம் போதும் என்று நினைத்துக்கொண்டு இடது கையைச் சும்மா நீட்டி, பாட ஆரம்பித்தாள்.

இரண்டாவது சுற்றில் அந்தக் கையை யாரோ பிடித்தார்கள்.

க்ரெச்சன் எட்டிப் பிடித்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கையின் குளிர் உறைத்தது. தண்ணீரிலிருந்து அப்போதுதான் எடுத்த கல் மாதிரி. விரல்கள் அவள் மணிக்கட்டைத் தாண்டி வந்து வளைந்திருந்தன. அவள் கை தோளுக்கு மேலே தூக்கியபடி நின்றது. பிடித்தவர் அவ்வளவு உயரம். அவசரப்படாத, பொறுமையான பிடி. கிளைகளுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சுடர்கள் கண்ணைக் கூசவைத்தன, அதற்கப்பால் வெறும் இருட்டு. பாட்டை நிறுத்த அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"எரியுது! அங்க எரியுது!" என்று டெஸ்ஸா கத்தியது. ஒரு கிளையில் தீ பற்றியிருந்தது. ட்ராய் கையை உதறிவிட்டு வாளியைத் தூக்கினார். பாட்டு பாதியில் நின்றது. சில்யேயின் இடது கை வெறும் காற்றில் இருந்தது.

விளக்கைப் போட்டபோது க்ரெச்சன் மரத்துக்கு அந்தப் பக்கம், எட்டாத தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

சமையலறையில் இருவரும் தனியாக இருக்கும்போது க்ரெச்சனே ஆரம்பித்தாள். "நீ என் கையப் பிடிக்கல, இல்ல?"

"இல்ல."

"எனக்குத் தெரியும். சின்னக் கை அது. ஈரக் கையுறை போட்டிருந்தது." அவள் கன்னம் சிவந்திருந்தது. கண் பளபளத்தது. "கேலப் வந்திருந்தான், சில்யே."

அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. சில்யே வாயைத் திறந்தாள். தான் பிடித்த கை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். அதற்குள் க்ரெச்சன் மிச்சமிருந்த க்ரீம் அரிசியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, பசித்த பிள்ளை மாதிரி நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சாப்பிட்டு சில்யே பார்த்ததே இல்லை. சில்யே வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை க்ரெச்சன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பான்கேக் சுட்டாள். மாடி அறை திறந்து கிடந்தது. கேலப்பின் காலுறைகளை ஹீட்டர்மேல் வரிசையாகக் காயப்போட்டிருந்தாள். "நனைஞ்சு வருவான்ல" என்றாள், சாதாரணமாக. ட்ராய் அதைப் பார்த்தார், சில்யேயைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவரை வேலையிலிருந்து போன் வந்து இழுத்துக்கொண்டது. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் என்று சாலை சும்மா விடுமா? கிளம்பும்போது வாசலில் சில்யேயிடம், "அவளப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் க்ரெச்சன் மரத்தருகே வந்து நின்றாள். "இன்னொரு தடவ சுத்துவோம்."

"எங்க ஊர்ல ஒரு நாள்தான் சுத்துவாங்க, க்ரெச்சன்."

"நேத்து முடிக்கலையே. வீடு முழுக்க ஓடணும்னு சொன்னியே."

"ஆமா, ஓடணும்னு சொன்ன!" என்றது டெஸ்ஸா.

மறுத்தால் அவள் தனியாகவே சுற்றுவாள் என்று க்ரெச்சனின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நம் கைப்பிடியில் இருப்பதே மேல் என்று சில்யே முடிவு செய்தாள். டெஸ்ஸாவை ஒரு பக்கமும் க்ரெச்சனை மறு பக்கமும் பிடித்துக்கொண்டாள்.

"டெஸ்ஸா, உன் இன்னொரு கைய பாக்கெட்டுக்குள்ள வச்சுக்க. வெளிய எடுக்கவே கூடாது."

"ஏன்?"

"எங்க ஊர் வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

மெழுகுவத்தி ஏற்றவில்லை. ஜன்னல் வழியே வந்த நீல வெளிச்சம் மட்டும் இருந்தது. க்ரெச்சன் மெதுவான பாட்டுகளையெல்லாம் தள்ளிவிட்டுக் கடைசிப் பாட்டை ஆரம்பித்தாள். வார்த்தை தெரியாமல் ராகத்தை மட்டும் இழுத்தாள். முதல் சுற்றிலேயே அவள் நடை மாறியது. யாரோ முன்னால் இழுத்துக்கொண்டு போவது போல் வேகம் கூடியது. மரத்தை விட்டு விலகி நடைவழியில் புகுந்தாள். சில்யேயும் டெஸ்ஸாவும் பின்னால் ஓடினார்கள். டெஸ்ஸாவுக்கு ஒரே சிரிப்பு.

சில்யே முன்னே பார்த்தாள். க்ரெச்சனின் மறு கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது. அவள் விரல்கள் அகல விரிந்து, எதையோ சுற்றிப் பிடித்திருந்தன. குழந்தையின் கையை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. குழந்தைதான் பெரியவர் கையை அப்படிப் பிடிக்கும்.

சமையலறையைக் கடந்தார்கள். கொல்லைக் கதவு திறந்தது. பின்னாளில் சில்யே இதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். க்ரெச்சனின் ஒரு கை தன்னிடம் இருந்தது. மறு கை மேலே இருந்தது. கதவைத் திறந்தது யார்?

குளிர் முகத்தில் அறைந்தது. சில்யே டெஸ்ஸாவின் கையை உதறினாள். "நில்லு! வாசலத் தாண்டாத!" அவள் குரலைக் கேட்டுக் குழந்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. க்ரெச்சன் வெறுங்காலோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். முட்டளவு பனி அவளைத் தடுக்கவே இல்லை. கீழே ஏரி மெல்லிசாக உறைந்திருந்தது. கரையோரம் பனிக்கட்டி முனகியது.

தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் சில்யே அப்படியே உட்கார்ந்து, க்ரெச்சனின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அப்படியும் இருவருமாகச் சறுக்கினார்கள்.

"அது கேலப் இல்ல! நேத்து நானும் பிடிச்சேன். பெரிய கை, க்ரெச்சன். பெரிய ஆளோட கை. நான் சொல்லாம விட்டுட்டேன்!"

க்ரெச்சன் திரும்பவில்லை. "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"எம்புள்ள கை எனக்குத் தெரியாதா? கையுறையெல்லாம் நானாச் சொன்னது. அவனக் கூட்டிட்டுப் போனது இதுதான். என்னையும் அங்க கொண்டுபோய் விடும்னு நெனச்சேன்."

மேலே வாசலிலிருந்து டெஸ்ஸாவின் குரல் வந்தது. "அம்மா, எனக்குக் குளிருது. நீ எங்க போற?"

க்ரெச்சனின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது சில்யேயின் கைகளில் தெரிந்தது. "விட்டுடுங்க. கைய விட்டுடுங்க" என்று சில்யே கெஞ்சினாள்.

"விட்டுட்டேன், சில்யே." அவள் விரல்கள் விரிந்து நின்றன. ஆனால் கை மேலேயேதான் இருந்தது. "அதுதான் விடல."

அப்போது சில்யேக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். பாட்டு முடியவில்லை. நேற்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. முடியாத பாட்டில் கையை யார் விடுவார்கள்? அவள் பாடினாள். பல் கிட்டிக்க, அழுகையும் பாட்டுமாக, விட்ட இடத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் தன் மொழியில் பாடி முடித்தாள். க்ரெச்சனுக்கு வாழ்த்துச் சொன்னாள். வாசலைப் பார்த்து டெஸ்ஸாவுக்குச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, க்ரெச்சனின் கைக்கு மேலே ஒன்றுமே இல்லாத அந்த இடத்தைப் பார்த்து, அதற்கும் வாழ்த்துச் சொன்னாள்.

க்ரெச்சனின் கை பொத்தென்று விழுந்தது. சற்றுத் தூரத்தில் பனிக்கட்டி விரிசல் விட்டுத் தண்ணீர் கறுப்பாக மேலேறியது. இருவரும் கையும் காலும் ஊன்றிச் சரிவை ஏறினார்கள்.

ட்ராய் வந்தபோது மூவரும் ஒரே போர்வைக்குள் சோபாவில் இருந்தார்கள். யாரும் விளக்கிச் சொல்லவில்லை. க்ரெச்சன் கேலப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் பல் விழுந்த கதை, பக்கத்து வீட்டு நாய்க்கு முடி வெட்டிவிட்ட கதை. பேசிப் பேசி அழுதாள். ட்ராய் பூட்ஸைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்து கேட்டார். மறுநாள் மரத்தைத் துண்டு துண்டாக வெட்டி எரித்தார். க்ரெச்சனின் வலது உள்ளங்கையில் தோல் வெளுத்து உரிந்தது. குளிர் கடித்திருக்கிறது என்றார் டாக்டர். வெறுங்காலில் நடந்தவளுக்குக் காலில் ஒன்றும் இல்லாமல் கையில் மட்டும் எப்படி என்று அவருக்குப் புரியவில்லை.

சில்யே கோடை வரை இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வீட்டில் மரத்தைச் சுற்றும் நேரம் வந்தபோது, பாத்திரம் கழுவுகிறேன் என்று சமையலறையில் நின்றாள். தம்பிகள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் யார் கை என்று பார்த்துப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடிகிறவரை அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுற்றி முடித்ததும் மின்னசோட்டாவிலிருந்து போன் வந்தது. அங்கே அப்போது நண்பகல். முதலில் டெஸ்ஸா, விழுந்த பல்லைப் பற்றி நீளமாகச் சொன்னது. பிறகு க்ரெச்சன் வாங்கினாள்.

"நாங்களும் மரம் வச்சிருக்கோம். சின்னது. மேசை மேல."

"நல்லது."

"நீங்க சுத்துனீங்களா?"

"சுத்துனோம். எங்க வீட்டு ஆளுங்க மட்டும்தான்."

க்ரெச்சன் டெஸ்ஸாவின் காதில் விழாத தூரத்துக்கு நடந்து போகிற காலடிச் சத்தம் கேட்டது.

"சில நேரம் எனக்கு அந்தக் கை நெனப்பு வருது, சில்யே."

"எனக்கும்" என்றாள் சில்யே.