கிழக்கு ஜன்னல் வைத்த ஸ்டோர் ரூம்

ஊராருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுத்தே அவளுக்கு நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. அண்ணனுக்கு மட்டும் இன்னும் அவள் 'வாண்டு'தான். ஏரியைப் பார்த்த சரிவில் மனை வாங்கியதும் அவளுக்குத்தான் முதலில் போன் செய்தான். பிளான் அவள் கையால்தான் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

மூன்று ஞாயிறுகள் அந்த மனையிலேயே பழியாய்க் கிடந்தாள். வெயில் காலையில் எங்கே விழுகிறது, மதியம் எங்கே நகர்கிறது என்று குச்சி நட்டுக் குறித்தாள். மாடி வந்தால் எவ்வளவு ஏரி தெரியும் என்று ஏணியில் ஏறிப் பார்த்தாள். அடுப்படியில் நின்றால் அண்ணிக்குத் தண்ணீர் தெரிய வேண்டும். பகல் தூக்கத்தில் அண்ணன் முகத்தில் வெயில் அடிக்கக் கூடாது. எல்லாம் கச்சிதமாக அமைந்தது.

மாடிக் கோடியில் எட்டுக்குப் பத்தில் ஓர் அறை மிஞ்சியது. மிஞ்சியது என்றுதான் சொன்னாள். படிக்கட்டை இரண்டு முறை திருப்பிப் போட்டு அதை மிச்சம் பிடித்தது அவளுக்குத்தான் தெரியும். கட்டில் போடும் நீளத்துக்குச் சுவர், கிழக்கே தாழ்வாக ஒரு ஜன்னல், படுத்தபடியே ஏரி. அவளுடைய வாடகை அறையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்; பட்டப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும்.

இது யாருக்கு என்று அண்ணன் கேட்டபோது நாக்கு புரண்டுவிட்டது. 'ஸ்டோர் ரூம்' என்று சொல்லி, பிளானிலும் அப்படியே எழுதிக் கொடுத்தாள். பழைய சாமானுக்கு ஏரி வேடிக்கை காட்டுகிறாயா என்று சிரித்துவிட்டு அவன் அதோடு விட்டுவிட்டான்.

அவர்கள் குடிபோன அடுத்த மாதம், ஒரு காலையில் போனவள் நேரே மாடி ஏறினாள். ஸ்டோர் ரூம் ஸ்டோர் ரூமாகவே இருந்தது. பிரிக்காத அட்டைப்பெட்டிகள் ஜன்னலில் பாதியை மறைத்திருந்தன. மீதி வழியே வந்த வெயில் ஓடாத மின்விசிறி ஒன்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டீயோடு வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்க அண்ணி. அதான் கேக்கல."

அண்ணி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினாள். இவள் உதவிக்கு எழவில்லை. மற்ற ஏழு பெட்டிகளும் போகும்வரை டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.

மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்தாள்.

"லீவு கிடைச்சா வந்து தங்கிட்டுப் போ."

சரி என்றாள். அந்தப் 'போ' மட்டும் பஸ்ஸில் வழிநெடுக அவளோடு வந்தது.