கட்டுப்பொடி

போடி கடைவீதியில் குழந்தைகளுக்கென்றே முதன்முதலாக மருத்துவமனை திறந்தவர் டாக்டர் ஞானசெல்வி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நல்ல வீடு கிடைத்தும் வேண்டாம் என்றார். வைகுண்டராஜின் நாட்டுமருந்துக் கடைக்கு நேர் எதிரே ஓர் இருட்டுக் கட்டடத்தைப் பிடித்தார். அந்தக் கடையில் ஈ ஓட்டுவதைத் தினமும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

காரணம் அவருடைய தம்பி. சிறு வயதில் வயிற்றுப்போக்கு வந்து, வைகுண்டராஜ் கொடுத்த கட்டுப்பொடியைத் தின்று செத்தான். பொடியில் அபினி கலந்திருந்தது. அபினி குடலை மந்தமாக்கும், போக்கு நிற்கும், பிள்ளை தூங்கும். குணமாகிவிட்டது என்று வீட்டில் நம்புவார்கள். ஆனால் உடம்பிலிருந்து போன தண்ணீர் போனதுதான். போதாததற்கு, பொடி வேலை செய்ய வேண்டுமென்றால் தண்ணீர் காட்டக் கூடாது என்று வைகுண்டராஜ் கட்டளை போடுவார். தம்பி தண்ணீர் கேட்டுக் கேட்டு அடங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் ஞானசெல்வி.

அவருடைய மருந்து எளியது: கொதித்து ஆறிய தண்ணீர், கொஞ்சம் உப்பு, அதைவிட அதிகமாகச் சர்க்கரை. போக்கு வந்த குடல் வெறும் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளே போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. மடமடவென்று கொடுத்தால் வாந்தியாகிவிடும் என்பதால் கரண்டி கரண்டியாகத்தான் ஊட்ட வேண்டும்.

"படிச்சுட்டு வந்து தண்ணி விக்கிறாக," என்று வைகுண்டராஜ் கேலி பேசினார். "கொட்டகுடி ஆத்துல ஓடாத மருந்தா?"

சனம் சிரித்தது. முதலில் பொடி கொடுத்துவிட்டு, பிள்ளை துவண்ட பிறகே எதிர்ப்பக்கம் தூக்கி வந்தது. சில பிள்ளைகளை டாக்டரால் காப்பாற்ற முடியவில்லை.

1979 கோடையில் ஒரு சந்தை நாள். வைகுண்டராஜின் மருமகள் சுருளியம்மாள் குழந்தையோடு தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். பின்னாலேயே அவரும் வந்தார். குழந்தையின் கண்கள் குழிந்திருந்தன. அழுதது, கண்ணீர் வரவில்லை. டாக்டர் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்று, மெல்லத்தான் கலைந்தது.

"பொடி குடுத்தீகளா, அண்ணாச்சி?"

அவர் மருமகள் பக்கம் திரும்பினார்.

"குடுத்தாக," என்றாள் சுருளியம்மாள். "நான் தண்ணி குடுக்கப் போனா தட்டி விட்டாக."

டாக்டர் ஒரு கரண்டி ஊட்டினார். குழந்தை விழுங்கியது. இன்னொன்றுக்கு வாயைத் திறந்தது. விழுங்குகிற பிள்ளைக்கு ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றத் தேவையில்லை.

"இத இங்க வச்சுத்தான் பாக்கணும்னு இல்ல. உங்க கடை வாசல்ல உக்காந்து நீங்களே ஊட்டுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"சந்தை நாளும்மா. ஊர்ச்சனம் பூரா பாக்கும்."

"பாக்கட்டும்னுதான் சொல்றேன்."

வைகுண்டராஜ் கடைப்படியில் உட்கார்ந்தார். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு ஊட்டினார். கூட்டம் சேர்ந்தது. வண்டிக்கார அம்மாவாசி எட்டிப் பார்த்தான்.

"என்ன மொதலாளி, பொடி தீந்துபோச்சா? தண்ணி யாவாரத்துல எறங்கிட்டீக!"

சிரிப்பு எழுந்தது. வைகுண்டராஜ் அடுத்த கரண்டியை ஊட்டினார். நண்பகலில் குழந்தை கரண்டியை இரு கையாலும் பிடித்து இழுத்தது. பிறகு அவருடைய வெள்ளை வேட்டி நனைந்தது.

"ஒண்ணுக்குப் போயிருச்சு. உடம்புல தண்ணி சேந்துருச்சு, இனிப் பயமில்ல," என்றார் டாக்டர். குனிந்து கேட்டார்: "ஞானதுரை மகன ஞாபகம் இருக்கா, அண்ணாச்சி? எந் தம்பி."

அந்த முகம் வெளிறுவதைப் பார்க்கத்தான் இத்தனை வருடமும் காத்திருந்தார்.

வைகுண்டராஜ் விழித்தார். "எந்த ஞானதுரை, தாயி?"

நடிப்பில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை.

கூட்டத்தில் ஒருத்தி காய்கறிக் கூடையைக் கீழே வைத்தாள். தேவாரத்திலிருந்து வந்த பாண்டியம்மாள். "எம்புள்ளைக்கும் தண்ணி காட்டாதன்னுதானய்யா சொன்னீரு? நாக்கு வறண்டு செத்தானே, அவன ஞாபகம் இருக்கா?"

"எம்மகளுக்கும் அதத்தான் சொன்னாரு," என்றாள் இன்னொருத்தி. பின்னாலிருந்து ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். படியைச் சுற்றிப் பெண்கள் நெருங்கினார்கள்.

வைகுண்டராஜ் டாக்டரை அண்ணாந்து பார்த்தார். டாக்டர் குழந்தையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். வைகுண்டராஜ் கையிலிருந்த கரண்டியையும் வாங்கிக்கொண்டார்.

"புள்ளைய நான் பாத்துக்கிறேன். நீங்க இவுகளுக்குப் பதில் சொல்லுங்க."