விசிறி வார்

பொனட்டைத் திறந்ததும் ஆவி குப்பென்று கிளம்பியது. மர்சூக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்சீற்றிலிருந்து உம்மு குல்சும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். வாப்பா மௌத்தான சேதியோடு தம்பியான அவன் கண்டியிலிருந்து அவளை அழைத்துப்போகத் தன் வாடகை மோட்டார் காரில் தெல்தோட்டைக்கு வந்திருந்தான். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பாதி வழிதான் வந்திருந்தார்கள்.

"என்ன தம்பி?"

"விசிறி வார் அறுந்துட்டு ராத்தா. விசிறி சுத்தாட்டி இஞ்சின் கொதிச்சிரும்."

"வாப்பாட மொகத்தப் பாக்கக் கெடைக்குமா?"

அவன் அறுந்த வாரை வெளியே இழுத்தான். தோல் வார் எண்ணெயில் ஊறி நைந்துபோயிருந்தது. தன் இடுப்பில் கட்டியிருந்த அகலமான தோல் வாரைக் கழற்றினான். நழுவிய சாரத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டான். அவள் ஒரு முனையை இழுத்துப் பிடிக்க, கத்தியால் நீளவாட்டில் கிழித்தான். பெற்றோல் துணியால் இரண்டு கப்பிகளையும் வழுக்கல் போகத் துடைத்து, வாரைச் சுற்றி, கோணி ஊசியால் முனைகளைத் தைத்தான். வார் விறைக்கும்படி விசிறியை மேலே தள்ளி ஆணியை இறுக்கினான். பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தளர்த்தினான்.

"கூட இறுக்கினா தையல் விட்டுரும்."

ஓடையிலிருந்து அவள் தகரத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் கைப்பிடியைச் சுழற்றி இஞ்சினைக் கிளப்பினான்.

வாப்பாவின் வீட்டுத் தெருமுனையில் திரும்பும்போது அவரைச் சுமந்த சந்தூக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. மர்சூக் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் குதித்தான்.

"என்னடா இது? மய்யத்துக்கு வழி விடு!" முன்னால் வந்த சாச்சா, வாப்பாவின் தம்பி, கத்தினார்.

"கொஞ்சம் எறக்குங்க சாச்சா. ராத்தா இன்னும் பாக்கல்ல."

"பள்ளியில ஆக்கள் காத்துட்டிரிக்கி. நடுத் தெருவுலயா மொகம் காட்ற?"

"பொம்பளைக்குப் பள்ளிக்கு வர ஏலா. வேற எங்க காட்ற?"

யாரும் அசையவில்லை. பிறகு முன்னால் சுமந்தவர்களில் ஒருவர் மெல்லக் குந்தினார். மற்றவர்களும் குந்தவேண்டியதாயிற்று. சாச்சாவே குனிந்து கபன் துணியை விலக்கினார்.

வாப்பாவின் முகம் சிறுத்திருந்தது. தாடியில் கற்பூர வாசம். உம்மு குல்சும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சரி, மூடுங்க," என்றாள்.

மர்சூக் போய்த் தோள் கொடுத்தான். சந்தூக்கு காரை உரசாமல் ஒதுங்கிப் போயிற்று. கலிமா ஓசை தேய்ந்து மறைந்தது. அவள் பின்சீற்றில் ஏறி உட்கார்ந்தாள்.

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எதைத் திருகினால் அது நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கும் தெருவில் ஆள் இல்லை.