தசரதன் மேலே நின்ற வருஷம்

1991 ஆயுத பூஜையன்று பந்தோடு எம்பிய தசரதன் கீழே இறங்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மின்விசிறித் தொழிற்சாலை, கூடைப்பந்து ஆடுவதற்கென்றே வேலை கொடுத்து வைத்திருந்த ஆள் அவர். போன இடமெல்லாம் கோப்பையை வாரிக்கொண்டு வந்தவர். இப்போது முட்டி தேய்ந்துபோயிருந்தது. மறுநாள் அணித் தேர்வு. அதில் கழிக்கப்பட்டால் வேலையும் போய்விடும். அந்தப் பதைப்பில், சந்தனம் குங்குமம் இட்டுப் பூஜையில் வைத்த பந்தை, மறுநாள் வரை தொடக் கூடாதென்று தெரிந்தும் எடுத்துவிட்டார். பூஜை போட்ட பொருளுக்கு அன்று ஓய்வு. பந்து கூடைக்கு மேலே அப்படியே நின்றுகொண்டது, அவரும் நின்றுகொண்டார். மறுநாள் பந்து விழுந்தது, அவர் விழவில்லை. முட்டிவலி விட்டுப்போனதால் அவருக்கும் அவசரமில்லை.

மனைவி அம்சவல்லி வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு, தொரட்டிக்கோலில் தூக்குவாளியை மாட்டிச் சோறு ஏற்றினாள். மழை பிடித்ததும் குடையும் ஏறியது. மேனேஜர் ரகுபதி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"யோவ் தசரதா, ஆடாத ஆளுக்கு இன்னா வேலை? பொங்கல் போட்டில நம்ம பொம்பளைங்க டீமை ஜெயிக்க வை, கோச்சா வெச்சுக்கறேன். இல்லன்னா வேற வேலை பாத்துக்க."

அந்த அணி அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. ஷிப்ட் முடிந்து, மின்விசிறி மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றிய கையோடு வரும் பெண்கள். கீழே ஆடிய காலமெல்லாம் தசரதனுக்குப் பந்து மட்டும்தான் தெரிந்தது. மேலேயிருந்து பார்த்தால் ஆட்களுக்கு நடுவே காலியாகக் கிடக்கும் இடமெல்லாம் தெரிந்தது. பந்தைப் பிறர் கையில் கொடுக்க மனசு வராமலே பெயர் வாங்கிய மனுஷன், இப்போது கொடு கொடு என்று தொண்டை கிழியக் கத்தினார். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து வந்து சேர்ந்த இறுதி ஆட்டம் குன்றத்தூரில். கம்பெனி பஸ்ஸில் கயிறு கட்டி அவரைக் கூட்டிப்போனார்கள். கோச் எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்று விதி எதுவும் இல்லாததால் நடுவர் விட்டுவிட்டார். கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்து வைத்திருந்த குட்டையான காவேரியை எதிரணியில் மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"காவேரி, பின்னால போடும்மா! நிலா நிக்கிறா!"

காவேரி திரும்பிக்கூடப் பார்க்காமல் போட்டாள். நிலா பந்தைக் கூடையில் இறக்கினாள்.

ஜெயித்த கோச்சைத் தோளில் தூக்குவது வழக்கம். இவரைத் தொழிற்சாலை ஆட்கள் காலைப் பிடித்து இழுத்துத் தோளில் இறக்கினார்கள். வேலை உனக்குத்தான் என்று ரகுபதி கத்தினார். அம்சவல்லி ஓடிவந்து புருஷனின் கையைப் பற்றிக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு எட்டிய கை. அழுகையை அடக்க முடியவில்லை.

"வூட்டுக்கு வந்துடேன்யா."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, ஆடி முடித்தும் ஆடுகளத்தை விட்டுப் போகாமல் நின்ற பெண்களைப் பார்த்தார். அம்சவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சரி, போ. பொண்ணுங்க காத்துகினு கீதுங்க" என்று சொல்லி, கையை விட்டாள். அவர் மறுபடி மேலே ஏறினார்.