வாத்துக்குச் சுற்றிய கடைசித் தாள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பீங்கான் வாத்தோடு இலவசமாகக் கிடைத்தது. 2006இல் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கிய வாத்து. ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தால், அதைச் சுற்றியிருந்தது என் நாவல். செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கதை. யாரோ ஒரு நண்பர், நான் அன்போடு கொடுத்த பிரதியை எடைக்குப் போட்டிருக்கிறார். வயிறு எரிந்தது.

இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நாவலின் கடைசித் தாள். அதற்கு முந்தைய தாளின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது:

“பூங்கோதக்கா, இவ பொழச்சிக்குவா போல இருக்குது. மிச்சத்த நாளைக்குச் சொல்றேன். நீலா.”

என் கையில் உள்ள ஆதாரம் இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

பொம்மைக் கம்பெனியில் வேலை பார்க்கும் நீலாவதி ஒரு பாவப்பட்ட பெண், அவள் கண்களில் எப்போதும்…

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் அவளை அழவைத்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.)

நீலாவதிக்குக் கை வேகம். சூளையிலிருந்து வந்து ஆறிய பொம்மைகளைப் பழைய தாளில் சுற்றி, வைக்கோல் பரப்பிய பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. எதிரில் பூங்கோதை. பேசினால் கவனம் சிதறிப் பொம்மை உடையும் என்பது மேஸ்திரி ஜெயராஜின் கட்சி. அதனால் இருவரும் பழைய தாள் மூட்டையில் வரும் நாவல்களைத் திருட்டுத்தனமாகப் படித்து, தாளின் ஓரத்தில் அபிப்பிராயம் எழுதி எதிர்ப்பக்கம் தள்ளுவார்கள். பிறகு அந்தத் தாளையே பொம்மைக்குச் சுற்றிவிடுவார்கள். அவர்களுடைய விமர்சனங்கள் பெண்ணாடம், திட்டக்குடி என்று ஊர் ஊராகப் போயிருக்கின்றன.

(மாதிரிக்குச் சில. பேய் நாவல் பற்றி நீலாவதி: “இந்தப் பேயி எதுக்குக்கா கெணத்தாண்டையே நிக்குது? பஸ்ஸு இல்லாத ஊரா?” மாயாஜால நாவல் பற்றி: “ஏழு கடல் தாண்டிப் போறான், ஒரு வேள சோறு திங்கல. எழுதுனவருக்கு ஒல வைக்கத் தெரியாது.” அதற்குப் பூங்கோதையின் பதில்: “அரக்கனுக்கு ஆயிரம் கையி இருந்தும் தனியாத்தான்டி குந்தித் திங்கறான். எனக்கு அவனத்தான் புடிச்சிது.” இந்த வரிக்காகவே எனக்குப் பூங்கோதை மேல் பிரியம் வந்துவிட்டது. இட்டுக்கட்டியது நான்தான் என்றாலும்.)

3

என் நாவல் மூட்டையில் வந்த வாரம் பூங்கோதைக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரியில் ஆபரேஷன்.

புதன் சாயங்காலம் நீலாவதி அந்தப் பென்சில் வரியை எழுதினாள். தாளைத் தள்ளுவதற்குள் வேன் வந்து நின்றது. ஜெயராஜ் அவசரப்படுத்தினார். பழகிய கை. மேலே கிடந்த இரண்டு தாளையும் எடுத்து ஒரு வாத்துக்குச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டது. படிக்காத கடைசித் தாளும் அதோடு போயிற்று.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் பூங்கோதை கேட்டாள்.

“அந்தச் செவ்வாக் கெரகத்துக்காரி என்னாடி ஆனா?”

“நாளைக்குச் சொல்றேங்க்கா.”

“நாளைக்குத்தான் என்ன அறுக்கப் போறாங்களே.” பூங்கோதை குழம்பு ஊற்றிப் பிசைந்தாள். “அவ வூட்டுக்கு வந்துட்டான்னா நானும் வந்துருவேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

4

வேலை விட்டதும் நீலாவதி, அந்த வேன் சரக்கு இறக்கிய பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு ஓடினாள். கடைக்காரரிடம் கெஞ்சி, இருந்த வாத்துகளையெல்லாம் பிரித்துப் பார்த்தாள். பேய்கள் வந்தன, ராஜகுமாரன் வந்தான். அவள் தேடியது இல்லை.

“ஒண்ணு மத்தியானமே வித்துப்போச்சும்மா. வாங்குனவரு ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுல ஏறிப் போயிட்டாரு.”

(அவளை அந்தப் பஸ்ஸிலேயே ஏற்றி, என் பக்கத்தில் உட்காரவைத்து, “அந்தத் தாளக் குடுங்க சார்” என்று கேட்கவைக்கலாம் என்று நினைத்தேன். அவள் கேட்டால் நான்…

கொடுத்திருக்க மாட்டேன். கடைசித் தாளில் செவ்வாய்க் கிரகத்துக்காரி செத்துப்போகிறாள். சோகமாக முடித்தால்தான் இலக்கியம் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.)

5

முடிவு ஒன்று. நீலாவதி பொய் சொல்கிறாள். ஆனால் அவளுக்குப் பொய் வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

முடிவு இரண்டு. தாள் தொலைந்துவிட்டது என்று உண்மையைச் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு பூங்கோதை எப்படி உள்ளே போவாள்?

முடிவு மூன்று.

நேற்று நாவலை மறுபடி படித்தேன். நீலாவதியின் கணிப்புதான் சரி. பதினோரு அத்தியாயமும் அந்தப் பெண்ணை வீட்டுக்குத்தான் கூட்டி வருகின்றன. வாசல்வரை வந்தவளைக் கடைசித் தாளில் நான்தான் மறித்துக் கொன்றிருக்கிறேன். இப்போது அவளை எழுப்பி நடக்கவைக்கப் பார்த்தால், கொன்ற கைக்கு அது வரவில்லை. நாலு தடவை எழுதி அடித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பூங்கோதையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டார்கள். முதல் பஸ் பிடித்து வந்த நீலாவதி அவள் கையைப் பிடித்தபடி ஆபரேஷன் தியேட்டர்வரை கூடவே நடக்கிறாள்.

“சொல்லுடி, என்னா ஆனா?”

கடைசித் தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. இந்தாருங்கள், பென்சில். நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம், கதவு பக்கத்தில் வந்துவிட்டது.