முதல் பரிசு ஏழாம் எண்ணுக்கு

"ஏழுதான். வேற பேச்சே இல்ல" என்று நடுவர் தொலைபேசியில் சொன்னபோது, பல்லுக்காரரின் கையில் யாருடைய கீழ்த்தாடையோ இருந்தது. ஈரம் காயாத மாவுக்கட்டு அச்சு. பல் மருத்துவர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அதற்குப் பொய்ப்பல் கட்டிக் கொடுப்பார். அச்சில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லால் மென்றுகொண்டிருந்தாலும், எது யாருடையது என்று இவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில் ஒரு சுத்தம் இருப்பதாக நினைப்பவர்.

அந்தச் சுத்தத்தைக் கதைப்போட்டிக்கும் கொண்டுவரலாம் என்று நம்பியதுதான் தப்பு. எழுத்தாளர் வட்டம் ஞாயிறுதோறும் நூலக மாடியில் கூடும். ஆளுக்கொரு கதையை வாசிப்பார்கள், பிறகு தேநீர் குடித்துக்கொண்டே அதைக் கிழிப்பார்கள். போட்டியை யார் எடுத்து நடத்துவது என்று தலைவர் கேட்ட அன்று எல்லோருக்கும் திடீரென்று மின்விசிறி மேல் அக்கறை வந்துவிட்டது. நடத்துகிறவர் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. பல்லுக்காரரிடமோ ஒரு கதை தயாராக இருந்தது. இறந்துபோன தம்பியைப் பற்றியது. பல மாதம் அடித்து அடித்துத் திருத்தி, இனி ஒரு சொல்லையும் அசைக்க முடியாது என்ற இடத்துக்கு வந்திருந்தது. ஆனாலும் யாரும் வாய் திறக்காத அந்த மௌனம் அவருக்குத் தாங்கவில்லை. கையைத் தூக்கிவிட்டார்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"வாயே தொறக்கலடி. கையைத்தான் தூக்கினேன்."

எல்லாக் கதைகளையும் தானே ஒரே எழுத்துருவில் தட்டச்சு செய்து, பெயரை எடுத்துவிட்டு எண் போட்டார். அதன்பிறகுதான் அழைப்புகள் வர ஆரம்பித்தன. "என் கதையில ஒரு பூனை வரும், சும்மா தகவலுக்குச் சொல்றேன்" என்றார் ஒருவர். இன்னொருவர், நடுவருக்கு எந்த ஊர், பையன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறாரா என்று விசாரித்தார். கண்ணீர் வரவழைக்கும் கவிதைகள் எழுதுகிற ஓர் அம்மாள், மற்றவர்களின் கதைகளில் எதெது திருட்டு என்று அரைமணி நேரம் சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க தம்பி" என்று வைத்தார். வருஷக்கணக்காக இவர்கள் வாசிக்க, மெய்மறந்து கேட்டிருக்கிறார். இப்போது ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்போல் இருந்தது.

நடுவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், தலைவரின் நெடுநாள் நண்பர். "யாருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்" என்று அன்று தொலைபேசியில் தொடர்ந்தார். "ஆனா மழைய இப்படி எழுத ஒருத்தராலதான் முடியும். தலைவருக்கு என் வாழ்த்தைச் சொல்லிடுங்க. ஆமா, அந்த மூணாம் நம்பர் யாருய்யா? படிச்சு முடிக்கறதுக்குள்ள தாடை வலிச்சுப்போச்சு. யாரோ புதுசு போல, பாவம்."

தலைவரின் கதைகள் எல்லாமே மழையில்தான் தொடங்கும். ஆனால் ஏழாம் எண் இன்சூரன்ஸ்காரருடையது. வட்டத்தில் யாரும் மதிக்காத ஆள். மூன்றாம் எண்தான் தலைவர்.

சாயங்காலம் பல்லுக்காரர் தலைவர் வீட்டுக்குப் போய், பேராசிரியர் சொன்னதையும், மூன்றும் ஏழும் யார் யாருடையது என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தாடை வலித்ததை மட்டும் விழுங்கிக்கொண்டார்.

"வேணும்னேதான் இந்தத் தடவை மழையே இல்லாம எழுதினேன்" என்றார் தலைவர். "என்னை அடையாளம் தெரியக் கூடாது, எழுத்துக்காகக் கிடைக்கணும்னு நெனச்சேன்."

பல்லுக்காரருக்கு அவர்மேல் அந்த நிமிஷம் இருந்த மரியாதை, அதற்கு முன் எப்போதும் இருந்ததில்லை. அது அடுத்த வாக்கியம் வரைதான் தாங்கியது.

"அவன் என் நடையைத் திருடியிருக்கான். ஒண்ணு செய்யுங்க. மூணும் ஏழும் கைதவறி மாறிப்போச்சுன்னு சொல்லிடுங்க."

"மாறலையே, தலைவரே."

"அட, நண்பர் எனக்குன்னு நெனச்சுத்தானே கொடுத்திருக்கார்? அவர் மனசுல இருக்கறதை நாம நிறைவேத்தறோம், அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்தினார். "தம்பியைப் பத்தி ஒரு கதை வச்சிருக்கீங்கல்ல? விதியை நான் பாத்துக்கறேன். ரெண்டாம் பரிசுல வச்சிடலாம். பரிசுக் கதைத் தொகுப்புலயும் வரும்."

எண் மாறினால் என்ன ஆகும் என்று பல்லுக்காரருக்குத் தெரியும். ஒருவர் பல் இன்னொருவர் வாய்க்குப் போய், ஈறு கிழிந்து ரத்தம் வரும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் மனக்கண்ணில், தம்பியின் கதை அச்சாகி, பக்கத்தின் மேலே தன் பெயர் தெரிந்தது. நாக்கில் இனிப்பு ஊறியது. தம்பி செத்ததுகூட ஒரு கணம் நல்லதாகத் தோன்றியது. யோசித்துச் சொல்வதாக முனகிவிட்டுப் படியிறங்கினார். தெருமுனைச் சாக்கடையோரம் நின்று காறித் துப்பினார். இனிப்பு போகவில்லை.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"சரின்னு சொல்லிடலாம்னு தோணுச்சா?"

"தோணுச்சு."

அவள் அவரையே பார்த்தாள். "மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க. சாப்பாடு ஆறுது."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வழிந்தது. தலைவர் மேடையில் நடு நாற்காலியில், எதையும் எதிர்பார்க்காத முகத்தைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல்லுக்காரரைப் பார்த்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். பக்கத்தில் பேராசிரியர். முடிவை வாசிக்க எழுந்து போன பல்லுக்காரரை வழியில் இன்சூரன்ஸ்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். புதுச் சட்டையின் மொடமொடப்பு, வாயில் பாக்கு வாசனை.

"எனக்குத்தான்னு தெரியுங்க" என்று காதோடு காதாகச் சொன்னார். "எனக்கு மழைன்னாலே ஜலதோஷம். பேராசிரியர்தான் நடுவர்னு கேள்விப்பட்டதும் தலைவர் பாணியில ஊத்து ஊத்துன்னு ஊத்திட்டேன். ஆளைப் பாத்துத்தானே பாலிசி விக்கறோம்?"

இவருக்காகவா தம்பியின் கதையை மறுபடி இழுப்பறைக்குள் பூட்டிவிட்டு வந்தோம்? மேடைக்கு நான்கைந்து எட்டுத்தான் இருந்தது. இரண்டு எண்ணில் எதைச் சொன்னாலும் வாய் நாறத்தான் போகிறது.

ஒலிவாங்கியைப் பிடித்தார். "நடுவர் தேர்ந்தெடுத்த முதல் பரிசுக் கதை, ஏழாம் எண். எழுதியவர், நம்ம இன்சூரன்ஸ்காரர்."

பேராசிரியரின் கைதட்டல் பாதியில் நின்றது. நின்றது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று உணர்ந்ததும், முன்னைவிடப் பலமாகத் தட்டினார். இன்சூரன்ஸ்காரர் மேடைக்கு ஓடி வந்து தலைவர் முன்னால் குனிந்தார்.

"எல்லாம் நீங்க போட்ட பிச்சை, தலைவரே!"

கேடயத்தைத் தர வேண்டியது தலைவர். எடுத்தார், நீட்டினார். இன்சூரன்ஸ்காரர் பிடித்துக்கொண்டார். தலைவர் விடவில்லை. புகைப்படக்காரர் கீழேயிருந்து கையை ஆட்டினார்.

"அப்படியே, அப்படியே! நல்லாப் பல்லு தெரியச் சிரிங்க. நடத்துனவரும் பக்கத்துல வாங்க சார்."

பல்லுக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். வெளிச்சம் மின்னவில்லை. புகைப்படக்காரர் கருவியைத் தட்டிப் பார்த்து, "இன்னொரு தடவை" என்றார். இருவரும் நான்கு கைகளாலும் கேடயத்தை இறுக்கிக்கொண்டு, உதடுகளை இன்னும் கொஞ்சம் விரித்தார்கள்.